வாக்குக் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டிய கணக்கு

வாசகர் கேள்வி – பதில்

தேர்தல் நெருங்கும் இவ்வேளையில், குழந்தைகளைக் குறிவைக்கும் பாலியல் குற்றவாளிகளை ஒடுக்க நம் வேட்பாளர்கள் என்ன செய்யப் போகிறார்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டு நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பகுதியிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். இத்தகைய வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குத் துணையாகப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை, அவர்கள் கேட்டுக்கொள்ளாவிட்டாலும், நானே தவிர்த்துவிட்டேன். மலையூர்களில் பெற்றவர் பெயர் ஒன்று வெளியே தெரிந்தால் போதும், குழந்தை யாரென்பது மறுநாளே தேநீர்க் கடைப் பேச்சாகிவிடும்.

எங்கள் தொகுதியில் பிரசாரத்துக்கு வருகிற எல்லாக் கட்சியினரும் ‘குழந்தைகளைத் தொட்டவனுக்குத் தூக்கு’ என்றே பேசுகிறார்கள். கேட்க ஆறுதலாக இருக்கிறது. இவர்களில் யாரை நம்புவது?
– வாசகி, குன்னூர்

அந்தப் பேச்சை வைத்து எவரையும் தேர்ந்தெடுக்க முடியாது, அம்மா. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில், மிகக் கொடிய வகைக் குற்றங்களுக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம் என்று சேர்த்துவிட்டார்கள். ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருப்பதைத்தான் மேடையில் வாக்குறுதியாகத் தருகிறார்கள். அதற்கு அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவாகாது என்பதையும் கவனியுங்கள்.

அந்தச் சொல்லால் வரும் தீங்கு ஒன்றும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை ஆண்டுதோறும் பார்த்தால், குழந்தைகள் மீதான வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். மாமன், சித்தப்பன், பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லிக்கொடுப்பவர், வேன் ஓட்டுபவர் என்று அந்த வரிசை போகிறது. ‘நீ வாய் திறந்தால் மாமாவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்’ என்று ஒரு பாட்டி பேத்தியிடம் சொன்னதை அந்தக் குழந்தையின் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை அதன் பிறகு எட்டு மாதம் பேசவில்லை.

குற்றவாளியைத் தடுப்பது பிடிபடுவோம் என்ற அச்சம். பிடிபடுவதை உறுதியாக்க ஆள் வேண்டும், ஆய்வகம் வேண்டும், வண்டி வேண்டும், ஆலோசகர் வேண்டும். இவை அனைத்தும் பணம். தூக்கு என்று பேசுபவரிடம், எத்தனை பணியிடங்கள் காலியாக உள்ளன, அவற்றை எந்த ஆண்டுக்குள் நிரப்பக் குரல் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். இந்தத் துறையைப் பற்றி ஒரு நாளாவது படித்தவர் யார் என்பது அவர் சொல்லும் பதிலில் தெரிந்துவிடும்.

பந்தலூர்ப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். என் மகளின் வழக்குக்காக ஊட்டிக்கு அலைந்து அலைந்து ஓய்ந்துவிட்டோம். ‘விரைவு நீதிமன்றம் வருகிறது’ என்று ஐந்து வருடத்துக்கு முன்பு ஓட்டுக் கேட்டவர் சொன்னார். ஏன் வரவில்லை?
– ஒரு தாய், பந்தலூர் வட்டம்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கூடலூர்ப் பேருந்து நிலையம். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாதம், பொழுது விடியுமுன், உங்களைப் போன்ற ஒரு தாயும் பதினொரு வயது மகளும் தேவாலாவிலிருந்து வந்து இறங்கினார்கள். பிள்ளையின் கையில் பள்ளிப் பை. ‘கோர்ட்டு முடிஞ்சா மத்தியானம் ஸ்கூலுக்குப் போலாம்னு எடுத்துட்டு வந்தேன் டீச்சர்’ என்றாள். நடுவட்டத்து வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பத்தரைக்கு நீதிமன்றத்தில் உட்கார்ந்தோம். பன்னிரண்டு மணிக்கு, விசாரணை அதிகாரி மலர்க் கண்காட்சிப் பாதுகாப்புப் பணியில் இருப்பதால் வரவில்லை என்று சொல்லி, வழக்கை மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள். தாய் அன்று இழந்தது ஒரு நாள் கூலியும் இருவருக்கான பேருந்துக் கட்டணமும். பிள்ளை இழந்தது வேறு: சொல்ல வேண்டியதை இரவெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்து வந்தவள், சொல்லாமலே திரும்பினாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த முப்பது நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். இது போக்சோ சட்டத்தின் 35ஆவது பிரிவு. இதை நடத்திக் காட்டுவதற்காக, 2019இல் மத்திய அரசு நாடு முழுவதும் 1,023 விரைவுச் சிறப்பு நீதிமன்றங்களுக்குத் திட்டம் வகுத்து, 767.25 கோடி ரூபாய் மதிப்பிட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு நீதிமன்றத்துக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ரூபாய். ஒரு நீதிபதி, ஏழு பணியாளர்கள், ஆண்டுக்குக் குறைந்தது 165 வழக்குகளை முடிக்க வேண்டும் என்ற இலக்கு. மத்திய அரசின் பங்கு, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து வரும், மீதி நாற்பது விழுக்காட்டை மாநிலம் போட வேண்டும்.

அவற்றில் 389 நீதிமன்றங்கள் போக்சோ வழக்குகளுக்கு மட்டுமே என்று ஒதுக்கப்பட்டன. அவற்றை எந்த மாவட்டங்களுக்குக் கொடுப்பது என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில் காட்டிய அளவுகோல், நூறு வழக்குகளுக்கு மேல் தேங்கியிருக்கும் மாவட்டம் என்பதாகும். நம் கதை இங்கேதான் இடறுகிறது. மக்கள் நெருக்கமான சமவெளி மாவட்டத்தில் நூறு வழக்குகள் விரைவில் சேர்ந்துவிடும். சிறிய மலை மாவட்டத்தில் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். அந்த அளவுகோல் வழக்குகளை எண்ணுகிறதே தவிர, கிலோமீட்டர்களை எண்ணுவதில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து சாலை அடைபடும் நாட்களை எண்ணுவதில்லை. தொலைவுக்கு அஞ்சிப் புகாரே கொடுக்காமல் விட்ட குடும்பங்களை எந்த அளவுகோலும் எண்ணாது. நீலகிரி மாவட்டத்துக்கு இவ்வழக்குகளை உதகையிலுள்ள மகளிர் நீதிமன்றம் விசாரித்துவருகிறது. மன்னவனூரிலோ கிளாவரையிலோ இருக்கும் குழந்தைக்கு நிலை இன்னும் கடினம், கொடைக்கானல் வந்து, மலையிறங்கி, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போக வேண்டும்.

ஆகவே உங்களிடம் வாக்குக் கேட்டு வருபவரிடம் ‘விரைவு நீதிமன்றம் கொண்டுவருவீர்களா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘ஆமாம்’ என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மாதத்தில் இரண்டு நாள் நீதிபதி கூடலூருக்கு வந்து குழந்தைகளின் சாட்சியத்தைப் பதிவு செய்யும் முகாம் நீதிமன்றம் வேண்டும், அதற்கு உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலும் மாநில அரசின் நிதியும் தேவை, அதைச் சட்டமன்றத்தில் எழுப்புவீர்களா என்று கேளுங்கள். காணொலி வழியாகக் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்யச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அதற்கு வேண்டிய அறையும் கருவியும் இணைப்பும் கூடலூரிலும் கொடைக்கானலிலும் எப்போது வரும் என்று கேளுங்கள். இவை சிறிய தொகைகள். கேட்க ஆளில்லாத காரணத்தால் மட்டுமே கிடைக்காமல் கிடக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவில் 2008 தேர்தலின்போது, குழந்தைகளைச் சுரண்டுபவர்களைப் பிடிக்க நிதி ஒதுக்கும் சட்டத்தை வேட்பாளர்கள் ஆதரிக்கிறார்களா என்று பொதுமக்களே நெருக்கடி கொடுத்தார்கள் என்று என் மாணவி ஒருத்தி வகுப்பில் பேசினாள். அது உண்மையா? நமக்கு அதில் பாடம் உண்டா?
– கல்லூரி ஆசிரியர், கோத்தகிரி

உண்மைதான். அங்கே 1998இல் தொடங்கப்பட்ட, இணையவழிக் குழந்தைக் குற்றங்களை விசாரிக்கும் சிறப்புப் பணிக்குழுக்கள் மாநிலந்தோறும் இயங்கிவருகின்றன. குழந்தைகளைச் சுரண்டும் படங்களைப் பரிமாறும் கணினிகள் லட்சக்கணக்கில் எங்கெங்கு இருக்கின்றன என்று விசாரணையாளர்களுக்குத் தெரிந்திருந்தும், ஆள் இல்லாததால் அவற்றில் இரண்டு விழுக்காட்டைக்கூட விசாரிக்க முடியவில்லை என்ற செய்தி அந்நாட்டு நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது. அதுதான் மக்களைச் சுட்டது. ஓப்ரா வின்ஃப்ரே தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், உங்கள் செனட்டருக்குத் தொலைபேசி செய்யுங்கள் என்று வேண்டினார். மசோதாவைச் செனட் சபையில் கொண்டுவந்தவர் ஜோ பைடன். அப்போது அவரே துணை அதிபர் வேட்பாளர். 2008 செப்டம்பரில் செனட் அதை நிறைவேற்றியது. அக்டோபர் 13 அன்று, அதாவது வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் முன்பு, அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். எதிரெதிர்க் கட்சியினர் இருவர் கையும் அந்தச் சட்டத்தில் உண்டு என்பதை உங்கள் மாணவிக்குச் சொல்லுங்கள்.

பாடம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அந்தச் சட்டம் பணிக்குழுக்களுக்கு ஆண்டுக்கு 6 கோடி டாலர் வரை ஐந்தாண்டுகளுக்குச் செலவிட அனுமதித்தது. அனுமதிப்பது வேறு, பணத்தை ஒதுக்குவது வேறு. அந்நாட்டில் சட்டம் உச்சவரம்பை மட்டும் சொல்லும். ஆண்டுதோறும் நிதி மசோதாவில் எவ்வளவு போடுகிறார்களோ அவ்வளவுதான் கைக்கு வரும். சட்டம் வந்த பிறகும் பல ஆண்டுகளில் அந்த உச்சவரம்பை எட்டும் தொகை கொடுக்கப்படவில்லை. தேர்தல் முடிந்தது, தொலைபேசி அழைப்புகளும் குறைந்தன.

நம் நாட்டில் 2013இல் நிர்பயா நிதி 1,000 கோடி ரூபாயுடன் தொடங்கப்பட்டு, தொடக்க ஆண்டுகளில் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்ததும் இதே நோய்தான். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் முதன்மைத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுக்கு 2025–26 மத்திய நிதிநிலை அறிக்கையில் 1,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்கள், வளர்ப்புப் பராமரிப்பு, உதவித்தொகை, மாவட்டப் பாதுகாப்பு அலகுகள், குழந்தைகள் உதவிக்கான 1098 தொலைபேசிச் சேவை எல்லாமே இந்தியா முழுவதற்கும் அதற்குள்தான் அடங்க வேண்டும். இந்த நாட்டுக் குழந்தைகளின் எண்ணிக்கையால் அதை வகுத்துப் பார்க்கும் கணக்கை உங்கள் வகுப்பில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள் ஐயா. தலைக்கு ஆண்டுக்கு எத்தனை ரூபாய் என்று கரும்பலகையில் விடை வரும்போது மாணவர்கள் முகம் மாறும்.

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பள்ளிகளுக்கு மனநல ஆலோசகர்களை நியமிப்பதாகப் போன தேர்தலில் சொன்னார். செய்யவில்லை. மறுபடியும் அதையே சொல்கிறார்.
– வாசகர், கொடைக்கானல்

அவரால் அந்த நிதியிலிருந்து அதைச் செய்ய இயலாது. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாயும் தொகுதி நிதியாகக் கிடைக்கின்றன. இவை நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துக்களை உருவாக்குவதற்கானவை. கட்டடம், சாலை, குடிநீர்த் தொட்டி போன்றவற்றுக்குச் செலவிடலாம், மாதாமாதம் கொடுக்கும் சம்பளத்துக்கு இடமில்லை. இது தெரியாமல் சொன்னாரோ, தெரிந்தே சொன்னாரோ, இரண்டுமே கவலைக்குரியவை.

அந்த நிதியால் ஆகக்கூடியதும் உண்டு. காவல் நிலையத்துக்கு வெளியே, குழந்தை அச்சமின்றி உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் அறை, அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குத் தனிமறைவான இடம், நீதிமன்ற வளாகத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படாமல் குழந்தை காத்திருக்கும் அறை ஆகியவற்றைக் கேட்கலாம். சாட்சி சொல்லும் நேரத்தில் குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்க நேரக் கூடாது என்று போக்சோவின் 36ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் நடைக்கூடத்தில், ஒரே பெஞ்சின் இரு முனைகளில் இருவரும் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை தன் தாயின் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது.

சம்பளம் தேவைப்படும் பணியிடங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் ஆயுதம் வேறு. சட்டமன்றத்தில் சமூக நலத் துறை, காவல்துறை, நீதி நிர்வாகம் ஆகியவற்றுக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கைகள் ஆண்டுதோறும் விவாதத்துக்கு வருகின்றன. அங்கே எழுந்து நின்று எங்கள் மாவட்டத்துக்கு இத்தனை பேர் வேண்டும் என்று கேட்பதே அவர் வேலை. கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்த விவாதங்களில் குழந்தைகள் பாதுகாப்பு பற்றி எத்தனை முறை பேசினார் என்று கேளுங்கள். அவைக் குறிப்புகள் பொது ஆவணம், மறைக்க முடியாது.

எங்கள் ஊரில் நடந்த ஒரு கொடுமைக்குப் பிறகு வேட்பாளர் ஒருவர் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போய், பெற்றோருடன் நின்று படம் எடுத்து வெளியிட்டுவிட்டார். ஆறுதல் சொல்வது தவறா?
– வாசகர், உதகை

ஆறுதல் தவறில்லை, படம் குற்றம். குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் தெரிய இடமளிக்கும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோவின் 23ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். பெற்றோர் முகம் தெரிந்தால் குழந்தை முகம் தெரிந்த மாதிரிதான். நீங்கள் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும் அனுப்ப வேண்டாம்.

பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குழந்தைகளுக்குத் தமிழ் சரியாக வராது. தேயிலைத் தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது நடந்தால் யார் பேசுவது? எந்த வேட்பாளரும் இவர்கள் பெயரைச் சொல்வதில்லை.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கூடலூர்

ஜார்க்கண்ட் குடும்பங்கள் பலருக்கும் இங்கே வாக்கில்லை, அதனால் பெயரும் இல்லை. தாங்கள் சொன்னது முழுக்க உண்மை ஐயா.

சட்டம் இவர்களை மறக்கவில்லை. குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போதும் சாட்சி சொல்லும்போதும் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தலாம், அவருக்குக் கட்டணம் தர வேண்டும் என்று 26, 38ஆவது பிரிவுகள் கூறுகின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மொழிபெயர்ப்பாளர்கள், சைகை மொழி அறிந்தவர்கள், சிறப்புக் கல்வியாளர்கள் ஆகியோரின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. பணியர் மொழியும் காட்டுநாயக்கர் மொழியும் தெரிந்த, அந்தக் குழந்தையின் உறவினர் அல்லாத, பேசியதை வெளியே சொல்லாத ஒருவரை அழைத்துப் பயிற்சி கொடுத்துப் பட்டியலில் வைப்பதற்கு ஆகும் செலவு ஒரு தேர்தல் கூட்டத்து மேடைச் செலவில் சிறு பங்கு இருக்கும்.

இது எவ்வளவு முக்கியம் என்று ஒரு முறை கண்ணால் பார்த்தேன். பழங்குடிச் சிறுமி ஒருத்தி தன் மொழியில் ஒரு வாக்கியம் முழுவதும் சொன்னாள். உடனிருந்த உறவினர் அதைத் தமிழில் ‘ஒண்ணும் இல்லைங்கறா’ என்று மாற்றிச் சொன்னார். அந்த உறவினருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஒரே முதலாளி. வேறொரு பெண்ணை அழைத்துவந்து மறுபடி கேட்டபோதுதான் அந்த வாக்கியம் என்னவென்று தெரிந்தது. அந்த இரண்டாவது பெண் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் இரவில் நினைத்துக்கொள்கிறேன்.

தோட்டங்களைப் பற்றி ஒரு சொல். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் உள்ள தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. தாய் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் எட்டு மணி நேரமும் பிள்ளை தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் தனியே இருக்கிறதா, காப்பகத்தில் நம்பிக்கையான ஆயாவிடம் இருக்கிறதா என்பதில்தான் பாதுகாப்பே தொடங்குகிறது. தொழிற்சங்கத்தாரையும் கூட்டணிக் கட்சிகளையும் வைத்திருக்கும் வேட்பாளர்கள் இதை முதலில் பேச வேண்டியவர்கள்.

ஹோம்ஸ்டே நடத்துகிறேன். தங்கிப் போன ஒருவர் விட்டுச் சென்ற கைபேசியில் குழந்தைகளின் மோசமான படங்கள் இருந்தன. நடுங்கிப்போய் அழித்துவிட்டேன். சரியா? இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்க நம் போலீசிடம் வசதி இருக்கிறதா?
– வாசகர், கொடைக்கானல்

அழித்திருக்கக் கூடாது. உங்கள் நடுக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதுவே சான்று, அந்தப் படங்களில் இருப்பது எங்கோ இன்றும் ஆபத்தில் இருக்கும் ஒரு குழந்தையாக இருக்கலாம். இனி அப்படி நேர்ந்தால் கைபேசியை அணைத்து, எதையும் நகலெடுக்காமல், யாருக்கும் காட்டாமல், உடனே காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். இப்போதும் அந்தக் கைபேசியைக் கொண்டுபோய் நடந்ததைச் சொல்லலாம். அழித்ததை மீட்கும் வழிகள் உண்டு. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோவின் 19ஆவது பிரிவு. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை என்பது 21ஆவது பிரிவு. இத்தகைய படங்களைத் தன்னிடம் வைத்திருப்பதும் பார்ப்பதுமே குற்றம்தான் என்று, சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை ரத்து செய்து, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று தெளிவுபடுத்தியது. அவற்றை ‘ஆபாசப் படம்’ என்று அழைப்பதே தவறு, அவை குழந்தைகளைச் சுரண்டியதற்கான சான்றுகள் என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது.

வசதி பற்றிய கேள்வி தேர்தலோடு நேராகத் தொடர்புடையது. அமெரிக்காவில் இயங்கும் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குச் சமூக ஊடக நிறுவனங்கள் அனுப்பும் தகவல்கள் 2023ஆம் ஆண்டில் மட்டும் 3 கோடியே 60 லட்சத்தைத் தாண்டின. அவற்றில் சுமார் 89 லட்சம் இந்தியாவோடு தொடர்புடையவை. ஒரே படம் பலமுறை எண்ணப்பட்டிருக்கும், முகவரியை மறைத்தவர்களும் இருப்பார்கள், ஆகவே இதை அப்படியே குற்றவாளிகளின் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது. 2019இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இத்தகவல்கள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வழியாக மாநிலக் காவல்துறைகளுக்கு வருகின்றன. வருகிற தகவலைத் திறந்து பார்த்து, முகவரி கண்டுபிடித்து, கதவைத் தட்ட ஆள் இருந்தால்தான் அதற்குப் பயன். கைப்பற்றிய கைபேசி ஆய்வகத்தின் அலமாரியில் மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலையில், குற்றம் சாட்டப்பட்டவர் பிணையில் வெளியே வந்து அடுத்த குழந்தையோடு பேசிக்கொண்டிருப்பார். சைபர் தடய ஆய்வுக்கு எத்தனை பேர், எவ்வளவு கருவி என்பதை ஒவ்வொரு கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் தேடிப் பாருங்கள்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இப்படி ஒரு விஷயத்தைப் பணம் வாங்கிக் கொடுத்துச் சமாதானமாக முடித்துவிட்டார்கள். அதில் முன்னின்றவர்தான் இப்போது வேட்பாளர். வெளியே சொல்லலாமா?
– பெயர் வேண்டாம், குந்தா வட்டம்

சொல்ல வேண்டும். முதலில் 1098க்கோ, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லுங்கள். அதன் பிறகு அரசியல் பேசலாம். ஊர் கூடிப் பேசி முடித்தாலும், பெற்றோரே கையெழுத்துப் போட்டாலும், இந்தக் குற்றம் சமாதானமாவதில்லை. அப்படி ஒரு வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, வழக்கை நடத்தச் சொன்னது. பணம் வாங்கிக் கொடுத்தவர் தாம் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காத்ததாக நினைத்திருப்பார். அந்தப் பிள்ளை தினமும் அதே தெருவில் அதே ஆளைக் கடந்து பள்ளிக்குப் போகிறதே, அதை யார் காத்தார்கள்?

வேட்பாளர் மீதே இத்தகைய வழக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது எப்படி?
– முதல் முறை வாக்காளர், கோத்தகிரி

வேட்புமனுவுடன் அவர் தரும் 26ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்தில், நிலுவையில் உள்ள வழக்குகளையும் பெற்ற தண்டனைகளையும் தெரிவித்தாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் ‘உங்கள் வேட்பாளரை அறியுங்கள்’ என்ற கைபேசிச் செயலியிலும் அதைப் படிக்கலாம். வழக்கு உள்ளவர்கள் பிரசார காலத்தில் மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெற்றி வாய்ப்பு உள்ளவர் என்பதை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாது என்பதும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. அந்த விளம்பரங்கள் மிகச் சிறிய எழுத்தில் வரும், பொறுமையாகப் பாருங்கள்.

என் தங்கை மகளின் வழக்கு மூன்றாவது ஆண்டாக நடக்கிறது. தங்கை கம்மலை அடகு வைத்துத்தான் திண்டுக்கல்லுக்குப் போய்வருகிறாள். தேர்தல் முடிந்து யாராவது வந்து ஏதாவது செய்யும் வரை என்ன செய்வது?
– வாசகி, பூம்பாறை

காத்திருக்க வேண்டாம். இதற்கான வழி இன்றே இருக்கிறது, யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் குறை. 2020 போக்சோ விதிகளின் 8ஆவது விதிப்படி, குழந்தையின் உணவு, உடை, பயணம் போன்ற அவசரத் தேவைகளுக்கு உடனடி உதவித்தொகை வழங்கக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும். 9ஆவது விதிப்படி, தீர்ப்பு வரும் முன்பே இடைக்கால இழப்பீடு கேட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். நீதிமன்றம் உத்தரவிட்டால் முப்பது நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும். குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும், விடுதலையானாலும்கூட இழப்பீடு வழங்க இடமுண்டு. வழக்கு முழுவதும் உடன் வர ஆதரவு நபர் ஒருவரையும் குழு நியமிக்கலாம். அவருக்குத் திறன்பெற்ற தொழிலாளரின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் அரசு ஊதியம் தர வேண்டும். நீங்கள் அவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. அரசு வழக்கறிஞரோடு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாக ஒரு வழக்கறிஞரையும் வைத்துக்கொள்ளலாம்.

தங்கை ஒரு வெள்ளைத் தாளில், வழக்கு எண், அடுத்த விசாரணைத் தேதி, இதுவரை எத்தனை முறை போய்வந்தார், ஒவ்வொரு முறையும் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு ஆயிற்று, எத்தனை நாள் கூலி போயிற்று என்பதை வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டு, திண்டுக்கல் குழந்தைகள் நலக் குழுத் தலைவருக்குக் கொடுக்கட்டும். பேருந்துச் சீட்டுகள் இருந்தால் இணைக்கலாம், இல்லாவிட்டாலும் மனு கொடுக்கலாம். குழந்தையின் பெயரை மனுவின் உள்ளே எழுதினால் போதும், உறையின் மேல் எழுத வேண்டாம். இரண்டாவது நகலில் தேதியுடன் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விசாரணைக்கு இறங்கும்போதே இதைக் கையோடு கொண்டுபோனால், அதற்கென்று தனியாக ஒரு பயணம் போக வேண்டியிருக்காது.